மின்சாரக் காரில் ஹெட்-அப் டிஸ்ப்ளே: டெல்டாச் சாலைகளில் ஓட்டுபவருக்கு அது தேவையா?

மின்சாரக் கார் வாங்கச் செல்பவர்களிடம் விற்பனையாளர் நீட்டும் வசதிப் பட்டியலில் இப்போது ஹெட்-அப் டிஸ்ப்ளே என்னும் பெயர் அடிக்கடி தென்படுகிறது. கார் செல்லும் வேகத்தை ஓட்டுநர் குனிந்து பார்க்க வேண்டிய தேவையின்றி, முன்கண்ணாடிக்கு அப்பால் சாலையின்மேல் மிதப்பதைப்போல் எண்ணாகக் காட்டும் கருவி அது. பெரும்பாலும் விலை உயர்ந்த வகைகளில் மட்டுமே அது பொருத்தப்படுவதால், அதை விரும்புபவர் வேறு பல வசதிகளுக்கும் சேர்த்தே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டப்போகிற ஒருவருக்கு அந்தச் செலவு தகுமா என்பதை முடிவுசெய்ய, கருவி எப்படி இயங்குகிறது, மின்சாரக் காரில் வேகத்தை உணர்வது ஏன் சற்றுக் கடினமாகிறது என்னும் இரண்டையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

டாஷ்போர்டின் மேற்பரப்பில், ஸ்டீயரிங்குக்கு நேர்முன்னால், கண்ணாடி மூடியிட்ட ஒரு பள்ளம் இருக்கும். அதற்குள் உள்ள மிகப் பிரகாசமான சிறு திரையில் எண் தோன்றுகிறது. வளைந்த ஆடிகள் அந்த உருவத்தைப் பெரிதாக்கி முன்கண்ணாடியின் உட்புறத்தில் விழச் செய்கின்றன. கண்ணாடி அந்த ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணுக்கு அனுப்புகிறது. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு, உள்ளே எரியும் விளக்கு வெளியே வயலின்மேல் கூடவே மிதந்து வருவதைப்போலத் தெரிவதற்குக் காரணமான ஒளியியலே இங்கும் செயல்படுகிறது. ஆகவே எண் கண்ணாடியின்மேல் எழுதப்பட்டதுபோல் தெரிவதில்லை. வழக்கமான அமைப்புகளில் அது கண்ணிலிருந்து ஏறக்குறைய 2 முதல் 3 மீட்டர் தொலைவில், பானெட்டின் முனைக்கருகே நிற்பதாகத் தோன்றும்.

இந்தத் தொலைவுதான் கருவியின் உண்மையான பயன். சாதாரண ஸ்பீடோமீட்டர் கண்ணிலிருந்து முக்கால் மீட்டர் அளவிலேயே இருக்கிறது. தொலைவில் உள்ள சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த கண், அதைப் படிப்பதற்குக் கீழே இறங்கவும் வேண்டும், கண்வில்லையின் வளைவை மாற்றிக் குவியத்தை அருகே கொண்டுவரவும் வேண்டும். பிறகு மீண்டும் தொலைவுக்குத் திரும்ப வேண்டும். இளையவர்களுக்கு இது தெரியாமலேயே நடந்துவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்துவிடுவதால், அருகில் உள்ள எழுத்தைப் படிப்பது மெதுவாகிறது. வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் மீட்டர் எண்ணே மங்கலாகத் தெரிகிறவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு 2 மீட்டருக்கு அப்பால் நிற்கும் எண் தெளிவாகத் தெரியும் என்பது சிறிய நன்மையல்ல.

இந்த நுட்பம் போர் விமானங்களின் குறிபார்க்கும் கண்ணாடிகளிலிருந்து வளர்ந்து, 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் வழியாகக் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் 2022-இல் வெளியான மாருதி பலேனோ, டாஷ்போர்டிலிருந்து எழும் தனிச் சிறு கண்ணாடியில் எண்ணைக் காட்டும் எளிய வடிவத்தை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. அதாவது, இது மின்சாரக் காருக்கென்று பிறந்த வசதி அன்று. மகிந்திராவின் பி.இ. 6 போன்ற மின்சாரக் கார்களின் உயர் வகைகளில் வருவது இதன் விரிந்த வடிவம்: உருவம் இன்னும் தொலைவில் தோன்றும், திரும்ப வேண்டிய திசையை அம்புக்குறியாகச் சாலையின்மேலேயே வரைந்தும் காட்டும்.

காது தரும் வேகக் கணக்கு

பெட்ரோல் அல்லது டீசல் கார் ஓட்டிப் பழகியவர் மீட்டரைப் பாராமலேயே வேகத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். எஞ்சினின் ஒலி ஏறி இறங்குவதும், எந்தக் கியரில் வண்டி எப்படி முனகுகிறது என்பதும், ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் உணரும் அதிர்வும் சேர்ந்து, அவர் அறியாமலேயே ஒரு கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டே வருகின்றன. மின்சாரக் காரில் இவற்றில் பெரும்பகுதி இல்லை. மோட்டாரின் ஒலி மிக மெலிது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றுவதற்குக் கியர் கிடையாது. நின்ற நிலையிலிருந்தே மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் தரக்கூடியது என்பதால் வேகம் ஒரே சீராக, எந்த இரைச்சலும் இன்றி ஏறிவிடுகிறது. எஞ்சியிருப்பவை டயரின் உராய்வொலியும் காற்றின் ஒலியும். அவையும் நல்ல தார்ச்சாலையில், ஜன்னலை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தை ஓடவிட்டிருக்கும்போது பெரிதாகக் கேட்பதில்லை. ஒலி குறைந்தால் மனிதர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது ஓட்டுநர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும் கண்டறியப்பட்ட ஒன்று.

வேகம் கூடுவதற்கு மின்சாரக் காரில் இன்னொரு விலையும் உண்டு. காற்றின் எதிர்ப்புவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது இருக்கும் எதிர்ப்பு, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகிவிடுகிறது. வழியில் சார்ஜ் செய்யும் இடம் குறைவாக உள்ள ஊர்களுக்குப் போகிறவர், வேகத்தைக் கண்ணெதிரே வைத்திருப்பதால் பேட்டரியையும் மிச்சம் பிடிக்கலாம். இதை ஒரு கூடுதல் காரணமாகக் கொள்ளலாமே தவிர, இதற்காக மட்டும் கருவியை வாங்க வேண்டியதில்லை.

ஆகவே கேள்விக்கு முதல் பாதி விடை இது: பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரில் வேக எண்ணை அடிக்கடி பார்க்கும் தேவை உண்மையிலேயே சற்று அதிகம். அந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

டாடா நெக்ஸான் இ.வி., டியாகோ இ.வி. போன்ற கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே திரை இருக்கிறது. வேகம் பெரிய எண்ணாகத் தெரிகிறது. அதைப் படிக்கக் கண் சில டிகிரிகள் இறங்கினால் போதும். டெஸ்லா மாடல் ஒய், வால்வோ இ.எக்ஸ்.30 ஆகியவற்றிலோ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் திரையே கிடையாது. வேகம் உட்பட எல்லாமே காரின் நடுவில் உள்ள திரையின் ஒரு மூலையில் தோன்றுகின்றன. கண் கீழே இறங்குவதோடு பக்கவாட்டிலும் நகர வேண்டும். அங்கே போன கண், பக்கத்தில் இருக்கும் வரைபடத்தையும் பாட்டின் பெயரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. காருக்குள் உள்ள திரையை ஒரு தடவை பார்ப்பதற்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இரண்டு விநாடியே 44 மீட்டர் ஆகும். நடுத்திரையை மட்டும் கொண்ட கார்களுக்கு ஹெட்-அப் டிஸ்ப்ளே ஓர் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளர் எடுத்துவிட்ட ஒன்றை அது திருப்பித் தருகிறது.

காவிரிப் படுகையின் சாலைகளில்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரையுள்ள நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் வந்துவிட்டு, அங்கிருந்து கிளைச் சாலையொன்றில் இறங்கும் தருணத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் சென்ற கண்ணும் மூளையும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. அதன்பிறகு வேகம் குறையும்போது, உண்மையில் இருப்பதைவிட மெதுவாகச் செல்வதாகவே தோன்றும். 90-இல் வந்தவருக்கு 65 என்பது ஊர்ந்து போவதைப்போல் இருக்கும். அதே 65-இல் அவர் நுழையும் சாலையிலோ ஓரத்தில் வரிசையாக வீடுகள் இருக்கும். பள்ளி விடும் நேரமாக இருக்கலாம். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை திடீரென்று முளைக்கும். எஞ்சின் ஒலி இருந்திருந்தால் கியரைக் குறைக்கும்போதாவது ஓர் உணர்வு வந்திருக்கும். மின்சாரக் காரில் அதுவும் இல்லாத நிலையில், கண்ணெதிரே நிற்கும் 65 என்னும் எண் ஒன்றே பொய் சொல்லாத சாட்சி. 70-இலிருந்து 50-க்கு இறங்கினாலே வண்டியின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்பதை நினைத்தால், இந்த ஓரிரு நிமிடங்களில் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது புரியும். ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கு ஆதரவாக டெல்டாவில் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான் என்று கருதுகிறேன்.

சமவெளியின் அமைப்பும் வேகத்தைப் பற்றிய உணர்வைப் பாதிக்கிறது. கண்ணின் ஓரத்தில் பொருள்கள் எவ்வளவு விரைவாகப் பின்னால் ஓடுகின்றன என்பதைக் கொண்டே நாம் வேகத்தை மதிப்பிடுகிறோம். கல்லணையிலிருந்து பூம்புகார் நோக்கிச் செல்லும் ஆற்றோரச் சாலையில் மரங்கள் நெருங்கி நிற்குமிடங்களில் 50 கூட வேகமாகத் தெரியும். இருபுறமும் சம்பா வயல் அடிவானம் வரை விரிந்து கிடக்கும் திருவாரூர்ப் பக்கத்துச் சாலையில் 80 கூட நிதானமாகத் தெரியும். மேடு பள்ளம் இல்லாத தட்டையான நிலம் என்பதால், ஏற்றத்தில் வண்டி திணறுவதன் மூலம் கிடைக்கும் குறிப்பும் இங்கே இல்லை. மார்கழி, தை மாதத்து விடியற்காலைப் பனிமூட்டத்தில் சாலையோர அடையாளங்களே மறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் உணர்வை நம்புவதைவிட எண்ணை நம்புவதே மேல்.

இனி மறுபக்கம். டெல்டாச் சாலையில் விபத்துக்குக் காரணமாகக்கூடிய பலவற்றை எந்த எண்ணும் காட்டிவிடாது. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. அதன் விளிம்பில் எல்லைக்காக வைத்த கல் கிடக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் இருளில் நகர்கின்றன. கதிர் அறுக்கும் எந்திரம் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு எதிரே வருகிறது. அறுவடை முடிந்த வயல்களில் மேயவிட்ட வாத்து மந்தை ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்குச் சாலையைக் கடக்கும்போது, நின்று வழிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த இடங்களில் ஓட்டுநர் செல்ல வேண்டிய வேகத்தை எதிரே தெரியும் காட்சிதான் தீர்மானிக்கிறது. 30 என்று எண் காட்டினாலும், கொட்டிக் கிடக்கும் வைக்கோலின்மேல் அந்த 30 அதிகமாகவே இருக்கலாம்.

இங்கே ஹெட்-அப் டிஸ்ப்ளேயின் ஒரு நுட்பமான குறைபாடும் முக்கியமாகிறது. எண்ணும் சாலையும் ஒரே திசையில் தெரிவதால், இரண்டையும் ஒருசேரக் கவனிப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். ஆனால், கண் பார்ப்பதும் மனம் கவனிப்பதும் ஒன்றல்ல. 1980-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில், விமானத்தைத் தரையிறக்குவதுபோன்ற ஒப்புருப் பயிற்சியில் ஹெட்-அப் டிஸ்ப்ளேயைப் பயன்படுத்திய அனுபவமுள்ள விமானிகளுள் சிலர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற மற்றொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அந்த விமானம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயேதான் இருந்தது. அவர்களது கவனமோ மிதக்கும் குறியீடுகளில் இருந்தது. காரில் காட்டப்படும் தகவல் அதைவிடக் குறைவு என்றாலும், பாடம் பொருந்தும். வேகத்தோடு அம்புக்குறி, பாட்டின் பெயர், அழைப்பவரின் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போனால், வைக்கோல் போர்வையின்மேல் மெதுவாக மிதிவண்டியில் வருகிற பெரியவர் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் மறைந்துபோகலாம். கருவி இருப்பவர்கள் அமைப்புகளுக்குள் சென்று, வேகத்தைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடுவதே நல்லது. சாலையின்மேல் அம்புக்குறி வரையும் விரிந்த வடிவம், கும்பகோணத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எந்த அளவுக்கு உதவும் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு.

வெயிலும் கண்ணாடியும்

நமது ஊர் வெயிலில் இன்னும் சில நடைமுறைச் சிக்கல்கள் எழுகின்றன. முன்கண்ணாடியிலிருந்து சாய்வாகத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைவாட்டில் முனைவாக்கம் அடைந்திருக்கும், அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைத்திசையிலேயே அதிரும். சாலையின் கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு குளிர்க்கண்ணாடிகள் துல்லியமாக அந்த ஒளியைத்தான் தடுக்கின்றன. விளைவாக, பங்குனி, சித்திரை வெயிலில் குளிர்க்கண்ணாடி அணிந்தவருக்கு மிதக்கும் எண் மங்கிவிடும் அல்லது மறைந்தேவிடும். எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில் இப்படி ஆவது எரிச்சலூட்டக்கூடியது. மேலும், படத்தைப் பெரிதாக்கும் வளைந்த ஆடியே, சூரியன் உச்சியில் இருக்கும்போது வெளியிலிருந்து வரும் வெயிலை உள்ளே உள்ள சிறு திரையின்மேல் குவிக்கவும் கூடும். தயாரிப்பாளர்கள் இதை அறிந்து வடிவமைக்கிறார்கள் என்றாலும், காரை நிழலில் நிறுத்துவது அந்தக் கருவிக்கும் நல்லது.

முன்கண்ணாடியின் விலை தனிக்கதை. கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பரப்புகள் இருப்பதால், சாதாரணக் கண்ணாடியில் எண் இரட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்க, இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலத்தை மேலிருந்து கீழாகத் தடிமன் மாறும் ஆப்பு வடிவில் செய்கிறார்கள். கொள்ளிடக் கரைகளில் மணல், சல்லி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குப் பின்னால் போகிற நமக்கு, கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது அரிய நிகழ்வன்று. அப்போது அதே ஆப்பு வடிவக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். மலிவான மாற்றைப் போட்டால் எண் இரட்டையாகும். முழுமையான வாகனக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது ஆறுதல். ஆனால், உரிமை கோரினால் இழப்பீடு கோராதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் அடுத்த ஆண்டுக்கான கோராமைத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) பாதிக்கப்படும். பலேனோவில் இருப்பதைப் போன்ற தனிச் சிறு கண்ணாடி வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

வெளியில் வாங்கிப் பொருத்தும் கருவிகள்

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கருவிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இவை இரண்டு வகை. ஒரு வகை, பழுதைக் கண்டறியும் கருவியை இணைப்பதற்காகக் காரில் உள்ள துளையில் செருகப்பட்டு அங்கிருந்து வேகத்தைப் படிக்கிறது. ஓ.பி.டி. எனப்படும் அந்த ஏற்பாடு, எஞ்சின் வெளிவிடும் புகையைக் கண்காணிப்பதற்காக உருவானது. எஞ்சினே இல்லாத மின்சாரக் காரில் துளை இருந்தாலும், அதில் அதே வடிவில் தகவல் வரும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே அண்டை வீட்டாரின் டீசல் காரில் நன்றாக இயங்கிய கருவி, உங்கள் மின்சாரக் காரில் வெறும் சுழியத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். எடுக்க மறந்து நாள்கணக்கில் செருகியே விட்டால், மின்சாரக் காரிலும் உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரியை அது கரைத்துவிடவும் கூடும்.

மற்றொரு வகை, ஜி.பி.எஸ். மூலம் வேகத்தைக் கணக்கிடுகிறது. இது எந்தக் காரிலும் இயங்கும். ஆனால், மின்சாரக் கார் சட்டென்று வேகமெடுக்கும்போது எண் சற்றுப் பின்தங்கியே வரும். காரின் மீட்டர் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் வேறுபாடு இருப்பதைக் கண்டு சிலர் கருவி பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதியின்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். உண்மை வேகம் 80 என்றால், 92 வரை காட்டுவதும் அந்த விதிக்கு உட்பட்டதே. எனவே ஜி.பி.எஸ். எண் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. இரண்டு எண்களையும் மாறிமாறி ஒப்பிட்டுக்கொண்டே ஓட்டுவதுதான் ஆபத்து. இந்தக் கருவிகளுடன் வரும் பிரதிபலிப்புத் தாளை முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன், அந்தக் கண்ணாடி வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்னும் மோட்டார் வாகன விதியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவே இல்லாமல் கிடைக்கும் உதவியும் உண்டு. 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் எச்சரிக்கை ஒலி எழ வேண்டும் என்பது கட்டாயம். 80-க்குக் கீழே, அதாவது டெல்டா ஊர்களுக்குள் உண்மையில் தேவைப்படும் வேகத்தில், அந்த ஒலி வாய் திறப்பதில்லை. சில கார்களில் ஓட்டுநரே 50 அல்லது 60 என்று எச்சரிக்கை எல்லையை அமைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாமல் காரே தடுத்துக்கொள்ளும் கட்டுப்பாடும் உண்டு. கண்ணுக்கு இன்னொரு வேலை கொடுப்பதைவிட, எஞ்சின் ஒலி போய் வெறுமையாகிவிட்ட காதுக்கு இந்த வேலையைக் கொடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தெளிவான திரை கொண்ட காரை, நல்ல கண்பார்வையுள்ள ஒருவர் பெரும்பாலும் ஊர்ச்சாலைகளில் ஓட்டப்போகிறார் என்றால், ஹெட்-அப் டிஸ்ப்ளேக்காக மட்டும் உயர் வகைக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர்களும், பெரிய பேட்டரியும் கிடைக்குமானால் அவையே மேல். நடுத்திரை மட்டும் உள்ள கார் வாங்குபவருக்கும், அருகில் உள்ளதைப் படிக்கக் கண் தடுமாறும் வயதில் இருப்பவருக்கும், வாரந்தோறும் திருச்சி, சென்னை என்று நெடுஞ்சாலையில் போய்வருபவருக்கும் அது பயன்படும்.

வாங்குவதென்று முடிவுசெய்தால், சோதனை ஓட்டத்தை நண்பகலில் ஒரு முறையும், இருட்டிய பின் ஒரு முறையும் கேட்டுப் பெறுவது நல்லது. பகலில் வழக்கமாக அணியும் குளிர்க்கண்ணாடியுடன் பார்க்க வேண்டும். இரவில், விளக்கில்லாத சாலையில் எண்ணின் ஒளியை எந்த அளவுக்குத் தணிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் வேறு ஒருவரும் அந்தக் காரை ஓட்டுவார் என்றால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உருவம் குறிப்பிட்ட கண் உயரத்துக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும் என்பதால், உயரம் குறைந்தவர் அமரும்போது எண்ணின் ஒரு பகுதி வெட்டுப்பட்டுத் தெரியலாம். அதை மேலும் கீழும் நகர்த்தும் அமைப்பு எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்பதை விற்பனையாளரையே எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.